சந்திரசேகர் கண்ட எல்லை

1866ஆம் ஆண்டு மே திங்களில், வட மகுடம் எனப்படும் விண்மீன் கூட்டத்தில், அதுவரை வெறுங்கண்ணுக்குப் புலப்படாதிருந்த மீன் ஒன்று திடீரென்று பேரொளியுடன் தோன்றிற்று. சில நாட்களில் அவ்வொளி மங்கி மறைந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1946இல், அது மீண்டும் அவ்வாறே ஒளிர்ந்து அடங்கிற்று. அங்கு இருப்பது ஒரு மீன் அன்று, இரண்டு. ஒன்று, முதுமையுற்று ஊதிப் பருத்துச் சிவந்த செம்பெருமீன். மற்றொன்று, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறுமீன். சூரியனை ஒத்த எடை நிலவுலகின் பருமனுக்குள் ஒடுங்கியிருப்பது வெண்குறுமீனின் இயல்பு. இவ்விரண்டும் ஏறத்தாழ 228 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. சிறியது பெரியதன் மேனியிலிருந்து வாயுவை ஈர்த்துத் தன்மேல் குவித்துக்கொள்கிறது. குவிந்த வாயு வெப்பம் மிகுந்து வெடிக்கும்போதே அப்புத்தொளி தோன்றுகிறது. இவ்வாறு ஈர்த்துக்கொண்டே போனால் வெண்குறுமீன் எவ்வளவு எடையைத் தாங்கும்? அதற்கு ஓர் எல்லை உண்டு என்று கணித்துக் காட்டியவர் மயிலாப்பூர் இளைஞரான சுப்பிரமணியன் சந்திரசேகர்.

அவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இருப்புப்பாதைக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தவர். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில், இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என வழங்கும் எட்வர்டு எலியட்ஸ் சாலையில், சந்திர விலாசம் என்னும் இல்லத்தில் அவர்கள் வாழ்ந்தனர். சர் சி. வி. இராமன் அவருக்குச் சிறிய தந்தையார். அன்னை சீதாலட்சுமி, இப்சன் இயற்றிய நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அறிவுடையவர்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார். 1928இல் சென்னைக்கு வந்த செருமானிய அறிஞர் சோமர்பெல்டு, அவர் கற்ற பௌதிகம் பழமையாகிவிட்டது என்பதை எடுத்துரைத்தார். மாணவர் சோர்ந்துவிடவில்லை, புதிய நூல்களைத் தேடித் தாமே கற்றார்.

1930இல் இங்கிலாந்து செல்ல உதவித்தொகை கிடைத்தது. அன்னையோ கடும் நோயில் கிடந்தார். மகன் தயங்கியபோது, போய்வரவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவ்வன்னையே. சூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு அன்னை காலமானார். அவரை மீண்டும் காணும் பேறு மகனுக்கு வாய்க்கவில்லை.

அக்கப்பலிலேயே அக்கணக்கு பிறந்தது. வெண்குறுமீனைத் தாங்கி நிற்பது நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே என்று கேம்பிரிட்சுப் பேராசிரியர் பௌலர் முன்னரே கூறியிருந்தார். எடை மிகமிக எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். ஐன்ஸ்டைனின் விதியையும் சேர்த்துக் கணித்தால், ஓர் அளவுக்கு மேல் அவ்வழுத்தம் எடையைத் தாங்காது என்று சந்திரசேகர் கண்டார். அவ்வளவு சூரியனது எடையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அப்போது அவருக்கு வயது இருபது நிறையவில்லை.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் தம் முடிவை விளக்கினார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அக்காலத்து வானியலாருள் தலைசிறந்தவர். சந்திரசேகரின் அறைக்குப் பன்முறை வந்து கணக்குகளைக் கேட்டறிந்தவரும் அவரே. ஆயினும் அவையில் அவர் அக்கொள்கையை எள்ளி நகையாடினார், கூடியிருந்தோர் சிரித்தனர். சந்திரசேகர் கூறியது சரியே எனத் தனிமையில் ஒப்பிய பெரும் பௌதிக அறிஞர்களும் வெளிப்படையாக வாய் திறந்திலர். இஃது அறிவுலகுக்குப் பெருமை தருவதன்று.

சந்திரசேகர் பூசலிடவுமில்லை, பின்வாங்கவுமில்லை. 1936இல், உடன் பயின்ற இலலிதாவை மணந்தார். 1937இல் அமெரிக்காவின் யெர்க்சு வானாய்வகத்தில் பணியேற்றார். தம் கணக்குகளையெல்லாம் 1939இல் ஒரு நூலாக வெளியிட்டுவிட்டு வேறு ஆராய்ச்சியில் இறங்கினார்.

காலம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. துணைமீனிடமிருந்து வாயுவை ஈர்த்து அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன் முழுவதும் வெடித்துச் சிதறும் என்பது இன்று பலராலும் ஏற்கப்பட்ட கொள்கை. அத்தகைய வெடிப்புகளின் ஒளியை அளவுகோலாகக் கொண்டே, பேரண்டம் விரியும் வேகம் மிகுந்து வருகிறது என்பதை 1998இல் அறிந்தனர். வட மகுடத்து வெண்குறுமீனும் எல்லைக்கு அண்மையில் இருப்பதாகக் கணித்துள்ளனர்.

1982இல், எடிங்டனின் நூற்றாண்டை ஒட்டிக் கேம்பிரிட்சில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பெற்றவர் சந்திரசேகரே. அவரும் சென்று எடிங்டனின் பெருமையை மனமுவந்து போற்றினார். 1983இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1995 ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். 1999இல் விண்ணில் ஏவப்பெற்ற எக்சு கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரை இட்டனர். மீரா என்னும் செம்பெருமீனையும் அதனைச் சுற்றிவரும் துணைமீனையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் அதன் படம் 2005இல் வெளியாயிற்று.