ஸர் ராபர்ட் மக்காரிசன்: குன்னூரில் உணவை ஆராய்ந்த அறிஞர்

நோய் வந்தபின் மருந்து தேடுவோர் பலர். நோய் வாராமற் காக்கும் வழியை நாள்தோறும் உண்ணும் உணவிலே தேடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் ஒருவர் நம் நீலகிரி மலையிலேயே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைக் கழித்தார் என்பதை நம்மவருள் அறிந்தோர் குறைவு. அவர் பெயர் ஸர் ராபர்ட் மக்காரிசன். குன்னூர் ஸிம்ஸ் பூங்காவைக் காணச் செல்வோர் அதன் அருகே பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தையும் காண்பர். அங்கே ஓர் அறையில் அவர் தொடங்கிய வேலை உலகெங்கும் உணவு நூலின் போக்கையே மாற்றிற்று. குடலின் நலத்தைக் குறித்தும், அதில் வாழும் நுண்ணுயிர்களைக் குறித்தும் எங்கும் பேசப்படும் இக்காலத்தில் அவர் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

மக்காரிசன் அயர்லாந்து தேசத்தின் வடபகுதியிலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் தேதி பிறந்தார். பெல்பாஸ்ட் நகரத்துக் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900-இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவ சேவையில் அமர்ந்து இந்நாட்டிற்கு வந்தார். முதலில் அவர் அனுப்பப்பட்ட இடம் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ரால். அங்கே படைவீரரை வருத்திய மூன்றுநாட் காய்ச்சல் மணற்கொசுவின் கடியால் உண்டாவது என்று ஆராய்ந்து கூறினார். அப்போது அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை.

கில்கிட்டில் கண்டவை

1904 முதல் ஏழாண்டுகள் கில்கிட்டில் அரசாங்க வைத்தியராக இருந்தார். அம்மலைப் பள்ளத்தாக்குகளில் கழுத்துக் கழலை மிகுதி. ஒரே ஓடையின் கரையில் மேலும் கீழுமாக அமைந்த சிற்றூர்களை அவர் கணக்கெடுத்தார். மேலூரின் கழிவு கலந்த நீரையே கீழூரார் பருகினர். கீழே செல்லச் செல்லக் கழலையுடையோர் தொகையும் பெருகிற்று. இதன் காரணத்தை அறிய அவர் செய்த செயல் வியக்கத்தக்கது. அந்நீரின் வண்டலைத் தாமே பருகினார். மனமிசைந்த வேறு சிலரும் அவருடன் பருகினர். அவருக்கும் மற்றும் சிலருக்கும் கழுத்து வீங்கிற்று. வண்டலைக் கொதிக்கவைத்துப் பருகியோர்க்கோ வீக்கம் இல்லை. ஆதலின் கழலையின் வேர் குடலிலே தங்கும் ஒருவகைக் கிருமி என்று அவர் கருதினார். குடற்கிருமிகளை ஒடுக்கும் தைமால் என்னும் மருந்தைக் கொடுத்தும் பார்த்தார். அயோடின் குறைவே கழலைக்குத் தலைமைக் காரணம் என்பது இன்று யாவரும் ஒப்பிய உண்மை. ஆகவே அவர் கொண்ட கருத்து முழுவதும் நிலைபெறவில்லை. எனினும், உடலின் ஒரு மூலையில் தோன்றும் நோய்க்குக் குடலின் நிலை காரணமாகலாம் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

கில்கிட்டிற்கு அப்பாலுள்ள ஹுன்ஸா மக்களையும் அவர் கண்டார். அவர்கள் தவிடு நீக்காத தானியம், காய்கறி, சர்க்கரைப் பாதாமிப்பழம், பால், மோர் ஆகியவற்றை உண்டு, ஊன் உணவைத் திருநாட்களிலே மட்டும் கொண்டனர். அவர்களிடையே வயிற்றுப்புண், குடல்வால் அழற்சி, பெருங்குடல் வேக்காடு முதலியவற்றைத் தாம் காணவில்லை என்று 1921-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் அவர் எடுத்துரைத்தார். பிற்காலத்தில் ஹுன்ஸா சென்றோர் அங்கும் நோயாளர் பலரைக் கண்டனர். நூறாண்டைக் கடந்து வாழும் மக்கள் என்று பிறர் பரப்பிய கதைகளுக்கு ஆதாரம் இல்லை. அறிஞர் ஒருவர் கண்டதையும் அவர் பெயரால் மற்றவர் கட்டியதையும் நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

குன்னூர் வாழ்க்கை

முதல் உலகப்போரிற் பணியாற்றியபின் 1918-இல் மக்காரிசன் குன்னூருக்கு வந்தார். வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காக 1907-இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையத்தில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. தென்னாட்டைப் பெரிதும் வாட்டிய பெரிபெரி நோயை ஆராய்வதே அவர் முதல் வேலை. தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற புறாக்கள் கால் முடங்கி விழுந்தன. நம் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று நாம் நீக்கும் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகின்றது என்பதை அப்புறாக்கள் காட்டின.

அடுத்து அவர் குரங்குகளுக்கு உயிர்ச்சத்து அழியும்படி மிகையாக வேகவைத்த உணவைக் கொடுத்தார். சில நாட்களிற் பசி குன்றிற்று. கழிச்சலும் சீதபேதியும் கண்டன. இறந்த குரங்குகளை அறுத்துப் பார்த்தபோது குடலின் சுவர் மெலிந்து, உட்பூச்சு சிதைந்து, புண்பட்டுக் கிடந்தது. அதே இடத்தில் நல்லுணவு பெற்று வாழ்ந்த குரங்குகளுக்கோ தீங்கில்லை. கிருமி எங்கும் உண்டு. குடலின் அரண் உறுதியாக இருக்கும்வரை அது புறத்தே நிற்கும். உணவு குறைந்து அரண் தளர்ந்தபோது உள்ளே புகும். இதுவே அவர் கண்ட உண்மை.

இவ்வளவு பயனுள்ள வேலையும் இடையூறின்றி நடைபெறவில்லை. அரசாங்கச் செலவைக் குறைக்க ஏற்பட்ட இஞ்ச்கேப் குழுவின் முடிவினால் 1923-இல் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. இந்தியரின் உணவைப்பற்றிய ஆராய்ச்சி, சிக்கனத்தின் பெயரால் முதலில் வெட்டத்தக்க செலவாகத் தோன்றிற்று! ஆயினும் மக்காரிசன் மனந்தளரவில்லை. 1925-இல் வேலை மீண்டும் தொடங்கிற்று. அதுவே வளர்ந்து உணவு ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1935-இல் ஓய்வு பெறும்வரை அவரே அதன் தலைவர். கோயமுத்தூர் விவசாய இரசாயன நிபுணர் விசுவநாத் அவர்களோடு கூடித் தொழுவுரமிட்ட நிலத்தின் தானியத்தையும் செயற்கையுரமிட்ட நிலத்தின் தானியத்தையும் ஒப்பிட்டு 1926-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இக்காலத்ததே.

எலிகள் உரைத்த உண்மை

அவருடைய ஆராய்ச்சிகளுள் நம்மவர் மறவாது கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரே இனத்தைச் சேர்ந்த வெள்ளெலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்திற்கும் அளித்து நிறுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவுகள் முறையே பின்தொடர்ந்தன. கடைசி இடம் சென்னை மாகாணத்து உணவுக்கே கிடைத்தது. தீட்டிய அரிசி மிகுதி; பருப்பும் காய்கறியும் சொற்பம்; பாலோ பெயரளவே.

இம்முடிவு நமக்கு இனிமையானதன்று. ஆனால் இதிலே ஓர் ஆறுதலும் உண்டு. வடநாட்டார் பிறப்பினாலேயே வலியர், தென்னாட்டார் பிறப்பினாலேயே மெலியர் என்று பேசுவோர் அக்காலத்திற் பலர். எலிகள் யாவும் ஒரே குலம். வேறுபட்டது உணவு மட்டுமே. ஆகவே குறை குருதியில் இல்லை, உண்கலத்தில் இருக்கின்றது என்பது தெளிவாயிற்று. இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட வெள்ளை ரொட்டி, மார்கரீன், சர்க்கரையிட்ட தேநீர், டப்பி இறைச்சி முதலியவற்றையும் அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை வளர்ச்சி குன்றியதோடு குணமும் கெட்டு, அறுபதாம் நாளளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தலைப்பட்டன. தம் சொந்த நாட்டாரின் உணவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

எனினும் ஒன்று கூறவேண்டும். பாலும் காய்கறியும் நல்லன என்று அறிந்த மாத்திரத்தில் ஏழையின் வீட்டிற்கு அவை வந்துவிடுவதில்லை. உணவுக் குறைவில் ஒரு பாதி அறியாமையால் வருவது. மறு பாதி கூலிக் குறைவால் வருவது. எலிக்கூண்டில் முதற்பாதியையே அளக்க முடியும்.

இன்றைய அறிவு

மக்காரிசன் காலத்தில் முழுவதும் விளங்காத ஒன்று இன்று விளங்கிவருகின்றது. நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை அவை உண்டு, குறுங்கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. அவற்றுள் ஒன்றாகிய பியூட்டிரிக் அமிலம் குடலின் உட்பூச்சுக்கே உணவாகின்றது. தக்க அளவில் உட்கொண்டால் நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களைப் புரோபயாட்டிக் என்பர். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகும் பொருளைப் பிரீபயாட்டிக் என்பர். இப்பெயர் 1995-இல் வழங்கத் தொடங்கியது. வெங்காயம், பூண்டு, வாழை, பயறு வகைகள் ஆகியவற்றில் இப்பின்னதுண்டு. தயிரிலும் மோரிலும் இரவு முழுதும் நீரில் ஊறிய பழையசோற்றிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. ஆயினும் அவையெல்லாம் சோதித்து உறுதி செய்யப்பட்ட புரோபயாட்டிக் அல்ல. மோரைக் கொதிக்கவைத்தால் அவ்வுயிர்கள் மடியும். தோதவரின் எருமைத் தயிரும், படகரின் கேழ்வரகும் சாமையும் அவரையும் இப்பெயர்கள் தோன்றுமுன்னரே இம்மலையில் வழங்கியவை.

இவற்றை மாத்திரையாக விற்று, உடல் எடையைக் குறைக்கும் என்று கூறும் விளம்பரங்கள் மலிந்துள்ளன. சோதனைகளிற் கண்ட பயன் சிறிது. அதுவும் ஒருபடித்தாக இல்லை. ஒரு வகை நுண்ணுயிர் செய்வதை மற்றொரு வகை செய்யும் என்பதற்கும் உறுதியில்லை. கடும் நோயாளரும் நோயெதிர்ப்பு குன்றியோரும் மருத்துவரைக் கேளாது இவற்றை உட்கொள்ளலாகாது. நார் மிகுந்த உணவோ விரைவில் வயிற்றை நிறைத்து மிகையுணவைத் தடுக்கும். அதனையும் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். ஒரே நாளில் மிகுத்தால் வயிறு உப்பும்.

இறுதிக் காலம்

1933-இல் மக்காரிசன் ஸர் பட்டம் பெற்றார். ஓய்வுபெற்று ஆக்ஸ்போர்டு நகரிற் குடியேறி, 1936-இல் உணவும் நாட்டு நலமும் பற்றிப் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி அங்கேயே காலமானார். குன்னூரில் அவர் வளர்த்த நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகின்றது.

அவர் 1928-இல் வெளியிட்ட உணவு பற்றிய சிறுநூல் இந்நாட்டுப் பள்ளி, கல்லூரி மாணவர்க்கென்றே எழுதப்பட்டது. அறிஞர்க்காக எழுதிய பெருங்கட்டுரைகளோடு நில்லாமல், மாணவர் கையிலும் தம் அறிவை ஒப்படைக்க அவர் விரும்பினார். நம் விடுதிகளில் இன்றும் வெண்மையான சோறே மேன்மையெனக் கருதப்படுகின்றது. கீரை பரிமாறினால் முகஞ்சுளிப்போர் உளர். தீட்டாத அரிசியும் சிறுதானியமும், பருப்பும் கீரையும், ஒரு கிண்ணம் மோரும் நாள்தோறும் நம் இலையில் இடம்பெறுமாயின், நம் மலையில் அவர் பட்ட பாடு நம்மளவிலேனும் பயன் பெறும். கல்வி முடித்து ஊர்களுக்குச் செல்லும் நம் மாணவர், ஏழையின் இலைக்கும் அவை வரும் வழியை நாடுவாராயின், எலிக்கூண்டு அளக்க இயலாத மறு பாதியும் நிறைவேறும்.