காற்றைச் சுமை தாங்க வைத்தவர்

காற்று கண்ணுக்குப் புலனாகாதது, கையில் அகப்படாதது. ஆயினும் சாலையில் விரையும் ஊர்திகளின் பெருஞ்சுமையைத் தாங்கி நிற்பது அக்காற்றே. அதனைச் சக்கரத்தில் அடைத்து மக்களுக்குத் தொண்டு புரியச் செய்தவர் ஜான் பாயிட் டன்லப் ஆவார்.

டன்லப், ஸ்காட்லாந்து நாட்டில் ட்ரெகார்ன் என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்றார். 1867ஆம் ஆண்டில் அயர்லாந்து சென்றார். பின்னர்ப் பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் புரிந்து நற்பெயர் பெற்றார். அவர் பொறியியல் பயின்றவரல்லர். எனினும், எதனையும் கூர்ந்து நோக்கும் இயல்பு அவரிடம் அமைந்திருந்தது.

அந்நாளில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையோ திண்ணிய இரப்பரோ பூட்டுவர். கல் பாவிய தெருக்களில் அவை உருளுங்கால் ஊர்வோர் உடல் அதிர்ந்து வருந்தும். டன்லப்பின் இளமைந்தன் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று வைத்திருந்தான். அவன் படும் இன்னலைக் கண்ட தந்தை, அதனைத் தீர்க்கும் வழியை ஆராயலானார்.

1887ஆம் ஆண்டில் அவர் மரத்தால் வட்டத் தட்டு ஒன்று செய்தார். மெல்லிய இரப்பர்க் குழாயை அதன் விளிம்பில் சுற்றித் துணியால் போர்த்து ஆணியடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அக்குழாயை நிரப்பினார். பின்னர் அத்தட்டையும் மிதிவண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் இடைவழியில் ஓய்ந்து வீழ்ந்தது. காற்றடைத்த தட்டோ முற்றம் முழுவதும் கடந்து, எதிரே நின்ற தூணில் மோதித் திரும்பியது. டன்லப் உள்ளம் பூரித்தார். 1888ஆம் ஆண்டில் தம் ஆக்கத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார்.

புதிய உருளையின் பருமனைக் கண்டு நகைத்தோர் பலர். 1889ஆம் ஆண்டில் வில்லி ஹியூம் என்னும் வீரர் அதனைப் பூட்டிய மிதிவண்டியில் ஏறிப் பந்தயங்களில் வென்றார், நகைப்பு ஒடுங்கியது. டூ குரோஸ் என்னும் வணிகரின் முயற்சியால் அவ்வாண்டிலேயே டப்ளின் நகரில் டயர்க் குழுமம் ஒன்றும் தோன்றியது.

ஆனால், வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் உண்டன்றோ? ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்ப் புலனாயிற்று. டன்லப்பின் பட்டயம் செல்லாதென முடிவாயிற்று. அவர் 1895ஆம் ஆண்டில் குழுமத்தினின்று விலகினார். அவர் பெயரால் வளர்ந்த தொழிலின் பெருஞ்செல்வம் அவரை அடையவில்லை. 1921ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள் டப்ளின் நகரில் அவர் இயற்கை எய்தினார். புகழ் மட்டும் நிலைத்தது.

மாணவர்களே! டன்லப்பின் சோதனை புகட்டும் உண்மை ஒன்றுண்டு. சுமையைப் பெரிதும் தாங்குவது இரப்பரன்று. அதனுள் அடைபட்ட காற்றே. காற்றின் அழுத்தம் குறைந்தால் டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி விரியும். அதனால் வெப்பம் பிறக்கும்; வெப்பம் மிகின் டயர் பிளந்து வெடிக்கும். அளவிறந்த சுமையும் இத்தீங்கையே விளைக்கும். அளவுக்கு மேல் காற்றடைப்பதும் தவறாம். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, சாலையைப் பற்றும் ஆற்றல் குன்றும்.

மேனாட்டார் விடுமுறை நாள்களில் வீடு போன்ற வண்டிகளில் குடும்பத்துடன் நெடுந்தொலைவு செல்வர். அவற்றில் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் இருக்கும். நூறு லிட்டர் நீர் நூறு கிலோ எடையாகும். சிறிது சிறிதாக ஏற்றும் பொருளே பெருஞ்சுமையாய்த் திரண்டுவிடும். சுமை ஒருபுறம் சாயின் அப்புறத்து டயரே முதலில் நலியும். ஆதலின், அறிவுடையோர் புறப்படுமுன் ஒவ்வொரு சக்கரத்தின்மீதும் அழுந்தும் எடையை அறிவர். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளப்பர். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் உயர்வது இயல்பு. அதுகண்டு காற்றை இறக்கிவிடுதல் கேடாம். டயர் தாங்கவல்ல எடை எவ்வளவு என்பது அதன் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அடைக்கவேண்டிய காற்றின் அளவை வண்டி செய்தோர் குறித்திருப்பர்.

மைந்தன்மீது கொண்ட அன்பினால் டன்லப் காற்றைப் பணிகொண்டார். அக்காற்றை அளவறிந்து பேணுவோர், தம்முடன் வருவோர் உயிரையும் பேணுவோராவர்.