ராத்திரியைப் படம் பிடித்தவர்

போன மாதம் ஒருநாள் ராத்திரி எங்க வீட்டு மொட்டை மாடியில் செல்போனை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்து, நைட் மோடில் மெயின் ரோட்டைப் படம் எடுத்தேன். எட்டு நொடி ஆச்சு. பார்த்தால் பஸ்ஸைக் காணோம், லாரியைக் காணோம், ரோட்டைக் கடந்து போன ஆளையும் காணோம்! நெடுக ஒரு சிவப்புக் கோடு, ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு இயற்பியல் சாரிடம் காட்டினேன். சார் சிரித்துவிட்டு, பிரஸ்ஸாய் என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றிப் படித்துவிட்டு வா என்றார். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் ஜூலா ஹாலாஸ். 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி பிராஷோ என்ற மலை ஊரில் பிறந்தார். அப்போது அது ஹங்கேரியைச் சேர்ந்தது, இப்போது ருமேனியாவில் இருக்கிறது. நம்ம பக்கம் ஊர்ப் பேரையே புனைபெயரா வச்சுக்கிற எழுத்தாளர்கள் உண்டு இல்லையா, அதே மாதிரிதான் இவரும். பிரஸ்ஸாய் என்றால் பிராஷோக்காரர். அப்பா பிரெஞ்சு இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர். அதனால் சின்னப் பையனாக இருந்தபோதே ஒரு வருஷம் பாரிஸில் இருந்திருக்கிறார். அந்த ஊர் அப்போதே மனசில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

முதல் உலகப் போரில் குதிரைப் படையில் வேலை, பிறகு புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியப் படிப்பு. 1924-ல் பாரிஸ் வந்து சேர்ந்தார். பிழைப்புக்குப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். மார்செல் புரூஸ்ட் எழுதிய நாவல்களைப் படித்தே பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டாராம். (நாம ஆங்கிலத்துக்கு கைடு படிக்கிறோம்!)

வேடிக்கை என்னன்னா, அவருக்கு கேமரான்னாலே இளக்காரம். ஓவியம்தான் கலை, போட்டோ எல்லாம் மெஷின் வேலை என்ற நினைப்பு. ஆனால் ராத்திரி ஆனால் தூங்க மாட்டார். பகலில் தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் எழுந்து விடிய விடிய பாரிஸ் தெருக்களில் நடப்பார். மழையில் நனைந்த கல் பாவிய தெரு, பாலத்தடி, பனிமூட்டம்... பார்த்ததை எல்லாம் எப்படியாவது பிடித்து வைக்கணும்னு தவித்தார். தூரிகைக்கு அது சிக்கவில்லை. அவரைப் போலவே ஹங்கேரியிலிருந்து வந்த ஆந்த்ரே கெர்தேஸ் என்ற புகைப்படக்காரரின் பழக்கத்தால் மனசு மாறியது. 30 வயசு வாக்கில் வோய்க்ட்லாண்டர் கேமரா ஒன்றை வாங்கினார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கு. இப்போது போல மெமரி கார்டு கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. 6.5-க்கு 9 சென்டிமீட்டர் தகடு பார்க்கச் சின்னதுதான். ஆனால் கண்ணாடி கனக்குமே! ஒரு ராத்திரிக்கு 24 தகடுக்கு மேல் சுமக்க முடியாது. ஒன்று ஆடிப்போனாலும் போனது போனதுதான். மூணு கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் காத்து நிற்பார். எவ்வளவு நேரம் என்பதற்கு அவர் வைத்திருந்த கணக்கு சிகரெட்! கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் ஒரு கோலுவாஸ் சிகரெட் எரிந்து தீரும் நேரம், கும்மிருட்டு என்றால் அதைவிடப் பெரிய பொயார் சிகரெட். (தமிழ் ஐயா இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். வரலாறு ஐயா, நாம யாரும் பிடிக்கப் போறதில்லையே, உண்மை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நீங்க கைக்கடிகாரம் பாருங்க.)

ஷட்டர் திறந்திருக்கும்வரை தகடு வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சுவர், மரம், பாலம் எல்லாம் அசையாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகப் பதியும். நடந்து போகிற ஆள் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை, அவர் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கம்மி. அதனால் பதியாமலே போய்விடுவார். காரும் அப்படித்தான் மறையும். ஆனால் அதன் விளக்கு மட்டும் பளிச்சென்று எரிவதால், போன வழியெல்லாம் கோடு இழுத்துவிட்டுப் போகும். என் செல்போனில் விழுந்த கோடும் அதேதான். போன் கெடவில்லை!

தெருவிளக்கும் தொல்லை. விளக்கு நேராகத் தெரிந்தால், வெளிச்சம் கண்ணாடித் தகட்டின் பின்பக்கத்தில் மோதித் திரும்பி, சுற்றிலும் வெள்ளையாகப் பரவிப் படத்தையே கெடுத்துவிடும். அதனால் பிரஸ்ஸாய் விளக்கை ஒரு மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் மறைந்திருக்கிற மாதிரி இடம் பார்த்து நிற்பார். மழையும் பனியும் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். ஈரத் தரை வெளிச்சத்தைத் திருப்பித் தரும், பனி அதை மெத்தென்று ஆக்கும். 1934-ல் ஒப்சர்வத்துவார் அவென்யூவில் பனிமூட்டத்தில் ஒரு படம் எடுத்தார். அதில் காரின் முகப்பு விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் மரங்கள் கரிக்கோடாக நிற்கும். எனக்கு அவர் படங்களில் அதுதான் ரொம்பப் பிடித்தது.

நடுராத்திரியில் ஆற்றங்கரையில் ஒருத்தர் தனியா நின்றால் போலீஸ் சும்மா விடுமா? இருட்டில் போட்டோ எடுக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் எடுத்த படங்கள் சிலவற்றைச் சாட்சிக்குக் கையோடு கொண்டுபோவார். விடிந்ததும் தங்கியிருந்த ஹோட்டல் அறையிலேயே தகடுகளைக் கழுவுவார். அப்படிச் சேர்ந்த சுமார் 60 படங்கள் 1932 டிசம்பரில் ‘இரவில் பாரிஸ்’ என்ற பொருள் தரும் தலைப்பில் புத்தகமாக வந்தன. ஒரே புத்தகத்தில் பெயர் பரவிவிட்டது. பிக்காசோ தன் சிற்பங்களைப் படமெடுக்க இவரைத்தான் கூப்பிட்டார்.

1940-ல் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்தது. பிரஸ்ஸாய் தெற்கே தப்பிப் போய்விட்டார். ஆனால் நெகட்டிவ் எல்லாம் பாரிஸில் மாட்டிக்கொண்டதே! அவற்றைக் காப்பாற்றத் திரும்பி வந்தார். படம் எடுக்க ஜெர்மன்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம். எழுதிக் கேட்க முடியாது என்று இருந்துவிட்டார். பிழைப்பு போனாலும் கேட்கவில்லை. பழையபடி ஓவியம் வரைந்தார், 1943-ல் மறுபடி பிக்காசோவின் சிற்பங்களைப் படமெடுத்தார். போர் முடிந்து 1949-ல்தான் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது.

சுவரில் பிள்ளைகள் கீறி வைத்த கிறுக்கல்களைக்கூட அவர் பல வருஷம் தேடித் தேடிப் படமெடுத்திருக்கிறார் (நம்ம பெஞ்சுகளைப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்). 1984 ஜூலையில் தெற்கு பிரான்ஸில் இறந்தார்.

1930-களின் தொடக்கத்தில் அவர் எடுத்த ஒரு படத்தில், எமில் ரிஷார் என்ற தெருவில் ஒருவர் நீளக் கழியால் தெருவிளக்கை அணைத்துக்கொண்டிருப்பார். மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிற தெரு அது, வீடே கிடையாது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் பிரஸ்ஸாயையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

– 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு