கதவைத் தட்டிய மூன்று பேர்



கடவுளின் அழைப்பு வானத்திலிருந்துதான் வரணுமா? ராத்திரி நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தமாகவும் வரலாம். டாக்டர் ஐடா ஸ்கடருக்கு அப்படித்தான் வந்தது. அவரைப் பற்றி நான் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஐடா 1870 டிசம்பர் 9-ல் பிறந்தார். தாத்தா, அப்பா ரெண்டு பேருமே மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வேலையே பிடிக்கலை. சின்ன வயசிலேயே இங்கே பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவிலேயே வசதியாக வாழணும்னு ஆசைப்பட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்பதுதான் எண்ணம்.

ஒருநாள் ராத்திரி ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் ஆபத்து. அப்பாவை அனுப்புவதாக ஐடா சொன்னார். ஆண் டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை!

இதைப் படிச்சப்போ எனக்கு மனசு ரொம்பக் கனத்துப்போச்சு. வைத்தியம் பக்கத்திலேயே இருந்தும் மூன்று உயிர் போயிடுச்சே!

அது கடவுள் தன்னைக் கூப்பிட்ட குரல் என்று ஐடா உணர்ந்தார். டாக்டருக்குப் படிக்க முடிவெடுத்தார். 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதே வருஷம் அப்பா இறந்துவிட்டார். ஆனாலும் ஐடா ஊரைவிட்டுப் போகவில்லை. 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை வந்தது. கிராமங்களுக்கே போய்ச் சாலையோரத்திலும் வைத்தியம் பார்த்தார். தான் ஒருத்தி போதாது என்று 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

நம்ம புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியும், பெண் படிக்கக் கூடாது என்ற எதிர்ப்பைத் தாண்டி 1912-ல் டாக்டரானவர்தான்.

ஐடா கேட்டது தட்டுகிற சத்தம் மட்டும்தான். கதவைத் திறந்தார், மறுநாள் முடிவெடுத்தார். நம்ம கதவை யார் தட்டுகிறார்கள்? கொஞ்சம் காதைத் தீட்டிக் கேட்போம் நண்பர்களே!