பரத்பூரும் சலீம் அலியும்

ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் என்னும் ஊருக்கு அருகே கேவலாதேவ் பறவைகள் சரணாலயம் உள்ளது. அங்குள்ள பழைய சிவன் கோயிலின் பக்கத்தில் ஒரு கல்வெட்டைக் காணலாம். எந்த நாளில் யார் வந்து எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்ற கணக்கு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 1938 நவம்பர் 12ஆம் நாள் ஆங்கிலேய வைஸ்ராய் லின்லித்கோவும் அவருடைய விருந்தினர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அன்றைய தினம்தான் சலீம் அலிக்கு 42 வயது நிறைந்தது.

அவரும் துப்பாக்கியில் தொடங்கியவர்தான். 1896இல் மும்பையில் பிறந்த சலீம் அலி, மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. எனவே, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு மருமகனை அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்டு குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளையும் காட்டினார். அன்று பிடித்த ஆர்வம் அவரை விடவே இல்லை.

ஆர்வம் இருந்ததே தவிர, வேலை எளிதில் அமையவில்லை. ஜெர்மனிக்குச் சென்று பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, அவர் பார்த்துவந்த அருங்காட்சியக வேலை நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. அவற்றை மாதக் கணக்கில் கவனித்தார். ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண்குருவி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியைக் கட்டி முடிக்கும். பிறகு அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கிவிடும். வேலையில்லாத காலத்தில் செய்த இந்த ஆய்வே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1939இல் தெஹ்மினா காலமானார். துயரத்திற்கிடையிலும் சலீம் அலி பணியைத் தொடர்ந்தார். 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சிறையிலிருந்த நேரு அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பிவைத்தார்.

அந்த நட்பு பின்னாளில் பரத்பூருக்குக் கைகொடுத்தது. நாடு விடுதலை பெற்றபின், ஏரியின் நீரை வடித்து நிலத்தை உழவுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. உணவுப் பற்றாக்குறை நிலவிய காலம் அது; உழவர்களின் கோரிக்கையைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும், அந்த நீர்நிலை போனால் வெகுதொலைவிலிருந்து வலசை வரும் பறவைகளுக்குப் புகலிடம் இராது என்பதைச் சலீம் அலி அறிந்திருந்தார். அவர் பிரதமர் நேருவிடம் முறையிட்டார். ஏரி தப்பியது. பின்னர் அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அவற்றைப் பிடிக்க, பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடிக்கும் தொழில் செய்துவந்தவர்களையே அவர் உதவிக்கு அழைத்துக்கொண்டார்.

1982இல் பரத்பூர் தேசியப் பூங்காவானது. சலீம் அலியின் கருத்தை ஒட்டி, உள்ளே எருமைகள் மேய்வது தடைசெய்யப்பட்டது. தலைமுறைகளாக அங்கே கால்நடை மேய்த்துவந்த கிராம மக்கள் எதிர்த்தனர். மோதலில் சிலர் உயிரிழந்தனர். தடைக்குப் பிறகு நடந்ததோ யாரும் எதிர்பாராதது. எருமைகள் மேயாததால் புல் அடர்ந்து வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. எருமைகள் ஏரிக்கு உதவியே செய்துவந்தன என்று பல ஆண்டு ஆய்வின் முடிவில் தெரியவந்தது. அந்த ஆய்வை நடத்தியது வேறு யாருமல்ல, சலீம் அலியின் சொந்தக் கழகம்தான். முழு அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 1987இல், அவர் மறைந்துவிட்டார்.

இன்று பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருவோரைச் சைக்கிள் ரிக்ஷாக்கள் ஏற்றிச் செல்கின்றன. ஓட்டுநர்கள் உள்ளூர்க்காரர்கள், மரத்தில் அமர்ந்திருக்கும் பறவையைத் தூரத்திலேயே கண்டு, அதன் பெயரைச் சொல்லி வண்டியை நிறுத்துகிறார்கள். அந்தக் கல்வெட்டும் கோயிலருகே இன்னும் நிற்கிறது.