அசரியா அத்தியட்சர் சரிதம்

மக்கட்பிறப்பு எய்தியதன் பயன் தாம் பெற்றதைப் பிறர்க்கு ஈந்து வாழ்தலே என்று நம் முன்னோர் துணிந்தனர். அங்ஙனம் வாழ்ந்தாருடைய சரிதங்களைக் கற்றல் வீண் பொழுதுபோக்கன்று. அஃது இல்லறத்தார்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே உறுதி பயப்பதாம். ஆதலின், நம் நாடார் குலத்துத் தோன்றி உலகறிய விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் பெரியாரின் வரலாற்றை இவ்விதழில் சுருங்க வரையப் புகுந்தோம்.

இதனைக் கண்ணுறும் அன்பர் சிலர் இரு வினாக்களை எழுப்பக்கூடும். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் அங்கத்தினராய் இருக்க, ஒரு கிறிஸ்தவ குருவின் கதை ஏனையோர்க்கு எதற்கு என்பது ஒன்று. சாதி வேற்றுமையைக் களைதற்கே உழைத்த ஒருவரைச் சாதிச் சங்கம் கொண்டாடுதல் பொருந்துமோ என்பது மற்றொன்று. இரண்டற்கும் விடை இவர்தம் சரிதத்தினுள்ளேயே கிடக்கின்றது. முதற்கண் சரிதத்தைக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

திருச்செந்தூர்ப் பக்கத்தே, பனைமரமும் செம்மணல் தேரியும் சூழ்ந்த நாட்டில், வெள்ளாளன்விளை என்பது ஒரு சிற்றூர். அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த அவ்வூர் இப்பொழுது தூத்துக்குடி மாவட்டத்தின்கண் உளது. அவ்வூரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் என்பார், கிறிஸ்து சமயம் தழுவி அவ்வூரிலேயே குருத்தொழில் புரிந்தவர். தாயார் எல்லன் அம்மையார். தந்தையார் இவர்தம் இளமையிலேயே இறந்துபட, தாயார் ஜெபமும் கண்டிப்பும் கொண்டு மகனை வளர்த்தார்.

அக்காலம் நம் குலத்தார்க்கு இடுக்கண் மிகுந்த காலம் என்பதை அன்பர்கள் மறத்தலாகாது. திருவிதாங்கூரில் நம் பெண்டிர் மேலாடை அணிதற்குப் போராடி, 1859-ஆம் ஆண்டிலேதான் அரசாணை பெற்றனர். ஆலயப் பிரவேசம் பற்றிய வழக்குகளும், 1899-ஆம் ஆண்டின் சிவகாசிக் கலகமும் நம் முதியோர் நன்கு அறிந்தனவே. தாழ்த்தப்பட்டதன் துன்பத்தை நேரில் உணர்ந்த ஒரு குலத்தினின்றே இவர் தோன்றினார். இக்குறிப்பு பின்னர் நமக்குப் பயன்படும்.

மெஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும், திருநெல்வேலியிலும் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்றார். தேர்வுக் காலத்தில் நோயுற்றமையால் பட்டம் பெற்றாரிலர். பட்டமின்மை இவர்தம் பணிக்கு ஒரு சிறிதும் தடையாகவில்லை. 1895-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் சேர்ந்து, பதினான்கு ஆண்டு தென்னாடெங்கும் சுற்றி இளைஞரிடை ஊழியம் புரிந்தார். 1898-ஆம் ஆண்டில் அன்பு மரியம்மாள் என்னும் கற்றறிந்த நங்கையை மணந்தார். அம்மையார் திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்டிருள் முதன்முதலில் கல்லூரிக் கல்வி பெற்ற சிலருள் ஒருவர். வரதட்சிணையும் ஆடம்பரமும் இன்றி அத்திருமணம் நிகழ்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பெற்ற நாணம்

1902-ஆம் ஆண்டில் இவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தம் சிறு பொருளைத் திரட்டி, கடல் கடந்து நம் நாட்டுக்கே தொண்டரை அனுப்பி வருதலைக் கண்டார். திருநெல்வேலித் திருச்சபையோ நூறாண்டுக்கு மேற்பட்டது. எண்ணிக்கையிலும் கல்வியிலும் மிக்கது. எனினும் அயல்நாட்டார் தரும் பொருளைக் கொண்டே அது பெரிதும் நடைபெற்றது. தன் எல்லைக்கு அப்பால் ஒருவரையேனும் தன் செலவில் அனுப்பி அறியாது. பெற்றுக்கொண்டே இருப்பது, கொடுக்கக் கல்லாதது, அஃது எங்ஙனம் உயிருள்ள சபையாகும் என்னும் நாணம் இவர்தம் உள்ளத்தைப் பிணித்தது.

நாணம் செயலாக முதிர்ந்தது. 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் நிறுவப்பெற்றது. இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் மேற்பார்வை என்பன அதன் மூன்று விதிகள். 1905-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கம் தோன்றியபொழுது அதன் காரியதரிசியாகவும் இவர் அமர்ந்தார். இப்பணியில் இவர்க்குத் துணை நின்றாருள் கே. டி. பால் என்பார் சேலம் நகரிற் பிறந்தவர். அந்நாளில் எம் நல்லம்பள்ளியும் தருமபுரியும் சேலம் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தமையின், அவரை எம் நாட்டார் என உரிமையோடு கூறிக்கொள்கின்றோம்.

தோர்ணக்கல் சென்றது

அச்சங்கம் தெரிந்தெடுத்த நிலம் ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் பகுதி. மொழி தெலுங்கு, மக்களுட் பெரும்பாலார் மாலர், மாதிகர் எனப்பட்ட தீண்டப்படாதார். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் நகரத்தில் இருத்தல் தகாது என்று துணிந்த அசரியா, 1909-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று மனைவி மக்களோடு ஆண்டுச் சென்றார். தெலுங்கு கற்றார். தொடக்கத்தில் கூடாரமே இல்லமாயிற்று. கட்டை வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்றார்.

1910-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோவில் கூடிய உலக மகாநாட்டில், ஐரோப்பியத் தொண்டரின் தியாகத்தை மனமாரப் பாராட்டிய இவர், அவர்கள் இந்தியரை வேலையாட்களைப்போல் நடத்தாது நண்பராக ஏற்றல் வேண்டும் என்று அவை நடுவே அஞ்சாது கூறினார். சிலர் மனம் புண்பட்டனர். சிலர் மெய்யென ஒப்பினர். பின்னர் 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா அர்ச். பவுல் பேராலயத்தில் இவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் இவரே. வெள்ளையர் சிலரும் நம்மவர் சிலரும் இதனை எதிர்த்தனர். இவர் எதிர்ப்புக்கு விடையாகத் தம் உழைப்பையே தந்தார்.

சபையென்பது யாது?

இனி இச்சரிதத்தின் உயிர்நிலைக்கு வருகின்றோம். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் சென்று பாடி மீள்வாரின் கூட்டத்தை இவர் சபையென்று கொள்ளவில்லை. ஒருவரோடொருவர் கட்டுண்டு, ஒருவர் சுமையை மற்றொருவர் தாங்கி, தம் எல்லைக்கு அப்பாலுள்ளார்க்கும் பயன்படும் குடும்பமே சபை என்பது இவர் கருத்து. இக்கருத்தை மூன்று வழியால் நடைமுறைப்படுத்தினார்.

முதலாவது, ஒரே பந்தி. மாலரும் மாதிகரும் இருவரும் ஒடுக்கப்பட்டோரேயாயினும், ஒரு சாரார் மற்றொரு சாராரோடு உண்ணார், நீரும் கொள்ளார். இருவர்க்கும் வெவ்வேறு கோவில் அமைத்துவிட்டால் தொல்லை இராது. அவ்வெளிய வழியை அத்தியட்சர் ஏற்றாரிலர். ஒரு கோவில், ஒரு பந்தி, ஒரு பாத்திரம் என்பதே அவர்தம் உறுதி. இதனால் மனங்கசந்து விலகினாரும் உண்டு. ஆயினும், தமக்குக் கீழ் ஒருவரைத் தேடும் இழிகுணம் ஒடுக்கப்பட்டாரிடத்தும் உளது என்பதையும், அது களையப்படாதவரை விடுதலை நிரம்பாது என்பதையும் அவர் நன்கறிந்திருந்தார்.

இரண்டாவது, கொடை. ஏழைகளிடம் காணிக்கை கேட்டல் கொடுமை என்பார்க்கு, கேளாமல் விடுதலே அவர்களை இழிவுபடுத்தல் என்பது இவர்தம் விடை. உலையிடும் பொழுதெல்லாம் ஒருபிடி அரிசியைத் தனிக்கலத்தில் இட்டுவைத்தல், அறுவடையில் ஒரு பங்கு படைத்தல், கோவிற் பணிக்கு உடலுழைப்புத் தருதல் ஆகிய இவையெல்லாம் கூலியாட்களாய் வாழ்ந்த அம்மக்களால் நடைபெற்றன. பிறர் கையையே நோக்கி நின்றவர் தம் கையால் கொடுக்கத் தொடங்கிய அன்றே தலைநிமிர்ந்தனர்.

மூன்றாவது, ஒவ்வொருவரும் தொண்டர் ஆதல். ஞானஸ்நானம் பெறுவார் தம் தலைமேற் கைவைத்து, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறர்க்குச் சொல்லாது இரேன் என உறுதி கூறல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தறியாதாரும் அயலூர்களுக்குச் சென்று தம் வாழ்வு மாறியதை எடுத்துரைத்தனர். கள்ளையும் சச்சரவையும் விட்டொழித்த அவர்தம் நல்லொழுக்கம் கண்டு, முன்னர் அவர்களைத் தீண்டாத நிலக்கிழாருட் பலரும் அச்சபையிலேயே வந்து சேர்ந்தனர். மதுவொழிப்பின் பயனை எம் பக்கத்தார்க்கு விரித்துரைக்க வேண்டா. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதல் தொடங்கியது எம் சேலம் ஜில்லாவிலன்றோ!

அன்பு மரியம்மாள் கிராமந்தோறும் தாய்மார் சங்கம் கூட்டிப் பெண்டிர்க்கு உறுதுணையாய் நின்றார். 1935-ஆம் ஆண்டளவில் 250 இந்திய குருமாரும் 2,000-க்கு மேற்பட்ட கிராம ஆசிரியரும் அம்மண்டலத்தில் பணிபுரிந்தனர். இவர்தம் இறுதிக் காலத்தில் சபையார் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது. ஆசிரியத் தொழிலினரான எமக்கு, அவ்விரண்டாயிரம் கிராம ஆசிரியரே அப்பெருங் கட்டடத்தின் அடிக்கல்லாகத் தோன்றுகின்றனர்.

1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் தோர்ணக்கல்லில் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. நம் நாட்டுக் கோவில் தூண்களும், பள்ளிவாசல் போன்ற கும்மட்டமும் ஒருங்கமைந்த அவ்வாலயம், வேற்று நாட்டுச் சாயலின்றி இம்மண்ணுக்கே உரியதாய் நிற்கின்றது.

அரசியலும் ஒற்றுமையும்

கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்று பலர் முயன்ற காலத்தில், இவர் அதனை ஏற்கவில்லை. சபை தன் நன்மையையே நாடும் ஒரு கட்சியாகச் சுருங்கிவிடும் என்பது இவர்தம் அச்சம். மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளோடு இவர் கருத்து மாறுபட்டார். தீண்டாமை ஒழிதல் வேண்டும் என்பதில் இருவரும் ஒத்தனர். 1919-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கூடிப் பிரிந்துகிடந்த திருச்சபைகள் ஒன்றாதற்கு வித்திட்டாருள் இவர் முதன்மையானவர். அவ்வித்து 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையாக முளைத்தது. அதனைக் கண்ணாற் காண இவர் இலர். 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே இவர்தம் ஆவி பிரிந்தது.

நமக்கு உற்ற பாடம்

முன்னர் நிறுத்திய வினாக்களுக்கு விடை காண்போம். ஒரு கூட்டத்தார் எதனால் ஒரு குடும்பம் ஆகின்றனர் என்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வினா. கிறிஸ்தவ அன்பர்கள் இவர் சரிதத்தில் தம் சபை எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதைக் காண்பர். ஏனையோர் தம் கோவிற் கூட்டமும் பஜனை மடமும் எங்ஙனம் இருக்கலாம் என்பதைக் காண்பர்.

இரண்டாவது வினாவே கடினமானது. அதனை மழுப்பிச் செல்லல் ஆகாது. விருதுநகர் முதலிய ஊர்களில் நம் வணிகர் சரக்குத்தோறும் சிறிது மகமை ஒதுக்கிப் பள்ளிகள் கண்டனர். பிடியரிசியும் மகமையும் உடன்பிறந்தனவே. ஒரு வேற்றுமை மட்டும் உளது. மகமை பெரிதும் நம்மவரை உயர்த்தப் பயன்பட்டது. பிடியரிசியோ தம் குலமும் மொழியும் அல்லாதாரை நாடிச் சென்றது. ஒடுக்கப்பட்ட காலத்தில் நம்மை நாமே தூக்கிக்கொண்டது பெருமையே. அதற்குச் சங்கம் வேண்டியதாயிற்று. தூக்கிக்கொண்ட பின்னும் கை நம்மளவிலேயே நின்றுவிடுமாயின், நேற்று நம்மைத் தடுத்த மதிலை இன்று நாம் கட்டுகின்றோம் என்றே பொருள்.

சந்தையில் எல்லாரோடும் கொடுக்கல் வாங்கல் செய்யும் நாம், விருந்திலும் அங்ஙனம் இருக்கின்றோமா? நம் சங்கத்துக் கல்வி நிதியில் ஒரு பங்கேனும் நம் ஊர்க் காலனிச் சிறார்க்குச் செல்கின்றதா? அசரியா அத்தியட்சரை நம் குலத்தார் என்று உரிமை பாராட்டுவோமாயின், இவ்வினாக்களுக்கு விடை கூறும் கடனும் நம்மைச் சாரும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆலோசித்து ஒரு முடிவு செய்வார்களாயின், இப்பெரியாரின் பெயர் நம் ஏட்டில் மட்டுமின்றி நம் ஊரிலும் நிலைபெறும் என்பது எம் துணிபு.