தூத்துக்குடி வக்கீல் கப்பல் ஓட்டினார்!

முத்துக்குப் பேர் போனது தூத்துக்குடிக் கடல். அந்தக் கடலுக்குள் மூழ்கி முத்து எடுத்தவன் தமிழன். ஆனால், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல் வெள்ளைக்காரனுடையது! கொழும்புக்குப் போக வேண்டுமா? வெள்ளையர் கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர் ஒரு வக்கீல். அவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

படிப்பு முடிந்தது

சிதம்பரனார் 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். தாயார் பெயர் பரமாயி அம்மாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், தாலுகா ஆபீசில் சிறிது காலம் குமாஸ்தாவாக இருந்தார். கைநிறையக் காகிதம், மனதில் நிறைவு இல்லை. தந்தை அவரைச் சட்டம் படிக்கத் திருச்சிக்கு அனுப்பினார். சிதம்பரனார் வக்கீல் பரீட்சையில் தேறினார். 1895-ம் ஆண்டில் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார்.

ஏழைகளின் வழக்கு என்றால் பணம் வாங்காமலே வாதாடினார். 1900-ம் ஆண்டில் தூத்துக்குடிக்கு வந்தார். அங்கும் நல்ல பெயர், நல்ல வருமானம். படித்த பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்றுதான் ஊர் நினைத்தது.

சிதம்பரனார் அப்படி நினைக்கவில்லை. படித்த படிப்பு தன் வீட்டுக்கு மட்டும் உதவினால் போதாது, நாட்டுக்கும் உதவ வேண்டும் என்று எண்ணினார்.

பிறந்தது சுதேசிக் கம்பெனி

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40 ஆயிரம் பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

முதலில் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளையர் கம்பெனி அதையும் தடுத்தது. அப்போது சிதம்பரனார் ஒரு சபதம் செய்தார். வந்தால் கப்பலோடு வருவது. இல்லையேல் கடலில் விழுந்து மாய்வது! வீட்டில் மகன் நோயாய்ப் படுத்திருந்தான். அவனைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

சபதம் நிறைவேறியது. 1907-ம் ஆண்டில் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. தூத்துக்குடி துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று மகிழ்ந்தார்கள்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. வெள்ளையர் கம்பெனியோ, இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஆளுக்கு ஒரு குடை கொடுப்பதாகவும் ஆசை காட்டியது!

சிறையில் செக்கு

1908-ம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார். கூலி உயர்வு கிடைத்தது. ஆனால், சர்க்காரின் கோபம் அவர் மேல் பாய்ந்தது. மார்ச் 12-ந் தேதி அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள்.

ஜூலையில் தீர்ப்பு வந்தது. இரட்டை ஆயுள் தண்டனை! அதாவது 40 ஆண்டு. மேல் கோர்ட்டில் அது குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில், கோர்ட்டில் வாதாடிய அந்த வக்கீல், மாடு இழுக்கும் செக்கை இழுத்தார்.

1911-ம் ஆண்டில் கம்பெனி மூடப்பட்டது. அரும்பாடு பட்டு வாங்கிய கப்பல், போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. அந்தச் செய்தி சிறைக்குள் இருந்தவரின் நெஞ்சைப் பிளந்தது.

மறுபடியும் முதலிலிருந்து

1912-ம் ஆண்டு டிசம்பரில் விடுதலை ஆனார். கம்பெனி இல்லை. கையில் காசு இல்லை. வக்கீல் சன்னத்தும் பறிக்கப்பட்டுவிட்டது. நாற்பது வயதில் வாழ்க்கையை மீண்டும் தொடங்க வேண்டிய நிலை.

சிதம்பரனார் சோர்ந்துவிடவில்லை. சென்னையில் கடை வைத்து மண்ணெண்ணெய் விற்றார். எந்தத் தொழிலையும் இழிவாக அவர் எண்ணவில்லை. சிறையிலேயே தொடங்கிய எழுத்துப் பணியையும் விடவில்லை. மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை எழுதினார். திருக்குறளுக்கு உரை கண்டார்.

பின்னர் வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர், நல்ல வெள்ளைக்காரரை வெறுக்கவில்லை!

கோவில்பட்டியில் மீண்டும் கறுப்புக் கோட்டு அணிந்தார். கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, அவர் விரும்பியபடியே காங்கிரஸ் ஆபீசில் உயிர் பிரிந்தது.

குமாஸ்தா, வக்கீல், கப்பல் முதலாளி, கைதி, கடைக்காரர், நூலாசிரியர், மறுபடியும் வக்கீல். எத்தனை மாற்றம்! பரீட்சையில் தேறியதோடு அவர் படிப்பு முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் புதிய வேலையைக் கற்றுக்கொண்டார்.

2011-ம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. அவருடைய கப்பலைப் பறித்துக்கொண்டார்கள். கடலோ இன்று அவர் பெயரைச் சொல்கிறது!